பக்கெட்டுக்கு அடியில் ஒரு செருப்பு

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் விளை. வீடு கட்டுவதற்காக ஜேசிபியால் சரிவை வெட்டிக்கொண்டிருந்தேன். முந்தின இரவு பெய்த மழையில் செம்மண் ஊறிக் கிடந்தது. மண் அள்ளும் பக்கெட்டின் பல்லில் ஒரு வேர் சிக்கிக்கொண்டது. ஹெல்பர் தம்பி போய் அதைக் கையால் பிடித்து இழுத்தான். நான் இன்ஜினை அணைக்கவில்லை. அவனிடம் ஏதோ சொல்லத் திரும்பியபோது என் சட்டைக் கை லிவரில் மாட்டியது. பக்கெட் சட்டென்று இறங்கியது. அவன் காலை உருவிக்கொண்டான். செருப்பு மண்ணுக்குள் தட்டையாகிக் கிடந்தது. அதைத் தோண்டி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு இருவரும் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது நான் ஜேசிபி ஓட்ட ஆரம்பித்து 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. பக்கெட்டைத் தரையில் இறக்கி, இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்த பிறகுதான் யாரையும் இயந்திரத்தின் அருகே விட வேண்டும் என்பதை அந்த 11 ஆண்டுகளில் ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை. நான் கிரீஸ் அடிக்கும் பையனாகச் சேர்ந்தவன். ஆபரேட்டர் அண்ணன் மதியம் சாப்பிடப் போகும் நேரத்தில் சீட்டில் ஏறிக் கற்றுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த ஆபரேட்டர்கள் எல்லோரும் இப்படி வந்தவர்கள்தான். லைசென்ஸ் எடுக்கும்போது சாலையில் ஓட்டத் தெரிகிறதா என்று பார்த்தார்கள். சரிவில் நின்று மண் வெட்டத் தெரியுமா என்று கேட்கவே இல்லை.

நான்குவழிச் சாலை போன்ற பெரிய வேலைகளில் பாதுகாப்பைக் கவனிக்க ஓர் ஆளாவது இருப்பார். எங்கள் வேலை அப்படியல்ல. நாலு சென்ட் மனை, ஒடுங்கிய சந்து, தலைக்கு மேல் மின்கம்பி, பக்கத்து வீட்டுச் சுவர், மொத்தம் நாலு பேர். 1996-ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமே 10 பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் பொருந்தும் என்று எழுதப்பட்டது. போதாததற்கு இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது. ஒரு கனமீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழி என்றால் பக்கவாட்டில் முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லையேல் சரிவாக வெட்ட வேண்டும் என்கிறது ஐ.எஸ். 3764 என்ற இந்தியத் தர விதி. செப்டிக் டேங்க் குழி தோண்டும் இடத்தில் இதைச் சொன்னால், "மணிக்கூர் கணக்குக்குத்தானே பணம் தருகிறேன், சீக்கிரம் முடியுங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். அவர் கெட்டவர் அல்ல. அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

வண்டி சாயும்போது குதித்துத் தப்பிக்கலாம் என்று எங்களில் பலர் இன்றும் நம்புகிறார்கள். குதிப்பவன் மேல்தான் கேபின் விழும். பெல்ட் போட்டு உள்ளேயே இருந்தால் கேபினின் இரும்புச் சட்டகம் காப்பாற்றும். சாகும் நேரத்தில் உடம்பு குதிக்கத்தான் சொல்லும். அந்தப் பழக்கத்தை வாயால் சொல்லி மாற்ற முடியாது. செய்து பழக்கித்தான் மாற்ற வேண்டும்.

கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென்று வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்திலிருந்து நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐயில் எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு நடத்தலாமே? ஒரு வாரம் போதும். ஆனால் மழைக்காலத்தில், ஈரமண் சரிவில் நடத்த வேண்டும். வகுப்புக்கு வரும் நாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள். ஆபரேட்டரோடு ஹெல்பரையும் உட்கார வையுங்கள். அடிபடுவது பெரும்பாலும் அவன்தான், நாளைக்கு சீட்டில் ஏறப்போவதும் அவன்தான்.

இப்போது என்னிடம் இருக்கும் ஹெல்பருக்கு 19 வயது. பக்கெட் பக்கம் போவதற்கு முன் சாவியை என்னிடம் வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். போன வாரம் திருவட்டாரில் வீட்டுக்காரர் இரண்டு முறை அவசரப்படுத்தினார். பல்லில் சிக்கிய கல்லை எடுத்துவிட்டு, வெளியே வந்து கையைத் துடைத்த பிறகுதான் அவன் சாவியைத் தந்தான்.