யானை டென்ட் பக்கமே வரும் என்றால் அந்த டென்ட் வேண்டாம்

மசினகுடி, பந்திப்பூர், வயநாடு என்று எந்தப் பக்கம் தேடினாலும் கிளாம்பிங் (சொகுசு டென்டில் தங்குவது) விளம்பரம் ஒரே அச்சில்தான் இருக்கிறது. வெள்ளை கான்வாஸ் டென்ட், வாசலில் இரண்டு மூங்கில் நாற்காலி, மரத்துக்கு மரம் மஞ்சள் பல்பு. போன் போட்டு விசாரித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் பெருமையோடு சொல்வார்: "ராத்திரி யானை டென்ட் பக்கத்துலயே வரும் சார், பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்." பிள்ளைகளோடு முதல்முறை போகிற குடும்பம் இதைக் கேட்டு மயங்கித்தான் முன்பணம் அனுப்புகிறது. நியாயமாக அந்த இடத்தில் போனை வைத்துவிட வேண்டும்.

காட்டுக்கு எவ்வளவு ஒட்டியிருக்கிறதோ அவ்வளவு விலை என்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. என் கட்சி இதற்கு நேர் எதிர். டென்ட் ஊரை ஒட்டி இருக்கட்டும். காட்டை வனத்துறை வண்டியில் போய்ப் பாருங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான்.

2021 ஜனவரியை மறந்துவிடக் கூடாது. வயநாடு மேப்பாடி அருகே டென்ட் விடுதியில் தங்கியிருந்த ஓர் இளம்பெண் யானை தாக்கி இறந்துபோனார். மாவட்ட நிர்வாகம் அந்த விடுதியை மூட உத்தரவிட்டது. அதே மாதம் மசினகுடியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானையின் மேல் எரியும் டயரை எறிந்த வீடியோ எல்லார் கைபேசிக்கும் வந்தது. காதில் தீப்பற்றிக்கொண்டே ஓடிய அந்த யானையும் செத்துப்போனது. ஒன்றில் மனிதர், ஒன்றில் யானை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: படுக்கை போடக் கூடாத இடத்தில் படுக்கை போட்டு வாடகைக்கு விட்டது.

மசினகுடி இருக்கும் சீகூர் பீடபூமி மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கும் யானை வலசைப் பாதை. 2010-ல் தமிழக அரசு அதை வழித்தடமாக அறிவித்தது. 2011-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன. இடையில் 2018-லேயே பல விடுதிகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. அதனால் அந்தப் பக்கம் இடம் பிடிக்கும்போது அழகான படங்களுக்கு முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள். கூகுள் மேப்பில் சரியான இடக்குறி, உள்ளாட்சி உரிமம், சுற்றுலாத் துறைப் பதிவு. "வந்துட்டு கூப்பிடுங்க, ஜீப் அனுப்பறோம்" என்று மட்டும் பதில் வந்தால் அர்த்தம் புரிந்துகொள்ளுங்கள். இடக்குறி கிடைத்ததும் அதைச் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். டென்டுக்குப் பின்னால் ஓடையோ குட்டையோ இருந்து, அதன் மறுகரையில் வீடோ வயலோ இல்லாமல் ஒரே பச்சையாகப் போனால், அது யானை தண்ணீருக்கு வரும் வழி என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்று பக்கமும் வீடும் வயலும் இருந்தால் படம் சுமாராகத்தான் வரும், தூக்கம் நன்றாக வரும். அங்கேயும் யானை எட்டிப் பார்க்காது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் நாய் குரைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுவார், தகவல் முன்கூட்டியே வரும்.

"சோலார் வேலி இருக்கு சார்" என்பார்கள். வேலி இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. எனர்ஜைசர் என்ற பெட்டி ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை சில ஆயிரம் வோல்ட் துடிப்பைக் கம்பியில் அனுப்பும். மின்னோட்டம் கண நேரமே என்பதால் கொல்லாது, சுரீரென்று அடிக்கும், அவ்வளவுதான். கம்பியில் புல்லோ உண்ணிச்செடியோ சாய்ந்தால் அந்தத் துடிப்பு மண்ணுக்கு இறங்கிவிடும். மழை முடிந்த மாதங்களில் வேலி செத்துக் கிடப்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். பாட்டரி வலுவிழந்தாலும் அதே கதை. சாயங்காலம் போனதும் வேலியோரம் நடந்து பாருங்கள் (தொட வேண்டாம்). கம்பிக்குக் கீழே செடி வெட்டியிருக்கிறதா, பெட்டியில் விளக்கு மினுக்குகிறதா, டிக் டிக் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தால் போதும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுத்திருந்தால் அது குற்றம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கிருந்து உடனே கிளம்புங்கள். அகழியும் அப்படித்தான். வெட்டிய ஆண்டில் அகழி, இரண்டு மழைக்கப்புறம் கரை சரிந்து சாய்தளம். அதில் யானை இறங்கி ஏறிவிடும்.

இனி டென்ட். குடும்பத்துக்கு உகந்தது ஸ்விஸ் காட்டேஜ் வகை: உள் டென்ட், அதற்கு மேல் தனியாக இழுத்துக் கட்டிய வெளிக்கூரை, பின்னாலேயே ஒட்டிய கழிப்பறை. இரண்டு துணிக்கும் நடுவே அரை அடியாவது இடைவெளி வேண்டும். வெளிக்கூரை தொய்ந்து உள்துணியைத் தொட்டால், தொட்ட இடத்தில் மழை கசியும், வெயிலும் நேராக உள்ளே இறங்கும். அடித்தளம் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்க வேண்டும். பல இடங்களில் சிமென்ட் தளம் போட்டு, சுவர்த்துணியை அதன் மேல் சும்மா தொங்கவிட்டிருக்கிறார்கள். அந்த இடுக்கு வழியாகத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் பாம்பு வரும். தரைத்துணி சுவரோடு சேர்த்துத் தைக்கப்பட்டு அரை அடி மேலேறி இருப்பதுதான் சரியான தையல். அப்படி இல்லையென்றால் பழைய துண்டுகளைச் சுருட்டி இடுக்கு முழுக்க அடையுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் சல்லடை இருக்கிறதா என்பதையும் போனவுடன் பார்த்துவிடுங்கள். கழிப்பறை நாற்பது அடி தள்ளி இருக்கிறது என்றால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் எடுக்காதீர்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இரவு இரண்டு மணிக்கு அந்த நாற்பது அடிதான் முழு ஆபத்தும்.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் முகப்பு வைத்த கோள வடிவ டோம் இப்போது பேஷன். படத்துக்கு அழகு. பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை உள்ளே உட்கார முடியாது. ஏசி ஓடும், குளிர் தங்காது. டிசம்பர், ஜனவரியில் தொல்லை வேறு மாதிரி வரும். குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் மூடுவார்கள். நாலு பேர் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் முத்து முத்தாகப் படிந்து விடியற்காலையில் போர்வை மேல் சொட்டும். கூரையே ஒழுகுகிறது என்று சண்டைக்குப் போவார்கள். மேல் ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வைத்துப் போர்வையைக் கூட்டிக்கொண்டால் தீர்ந்தது. குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ தணலையோ உள்ளே கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவரை எழுப்பாது. கொசுவர்த்திச் சுருளும் துணி டென்டுக்குள் வேண்டாம்.

தூணைப் பாருங்கள். மண்ணில் நட்ட மரக்கால் வெளியே திடமாகத் தெரியும், தரைமட்டத்தில் மக்கியிருக்கும். 2025 மே மாதம் மேப்பாடி அருகே 900 கண்டி என்ற இடத்தில் விடுதிக் கூடாரம் ஒன்று சரிந்து ஓர் இளம்பெண் இறந்தார். அடித்தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புக் குழாய் இருந்தால் நல்லது. தலைக்கு மேல் காய்ந்த கிளை நீட்டிக்கொண்டிருந்தால் வேறு டென்ட் கேளுங்கள். பிளக் இருக்கும் சுற்றில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் கேட்டுவிடலாம். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கிடப்பது இந்த விடுதிகளில் சர்வ சாதாரணம்.

நாலு பேர் குடும்பம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. "எக்ஸ்ட்ரா பெட்" என்று காசு வாங்கிக்கொண்டு தரையில் ஒரு மெத்தையைப் போடுவார்கள். வீட்டில் அது பிரச்சினை இல்லை. காட்டோர டென்டில் கட்டாயம் கட்டில் வேண்டும். கட்டுவிரியன் இரவில் திரியும் பாம்பு, தரையில் படுத்தவரைக் கடிக்கும், பெரும்பாலும் வலியே தெரியாது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று எழுந்து, இமை தானாகச் சரிந்தால் அதைச் சாப்பாட்டின் மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. கட்டுப் போடாமல், கீறாமல், நேராக ஆஸ்பத்திரிக்குத்தான். முன்பணம் கட்டும் முன்பே விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, இரவில் அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கட்டில் கிடைத்தால் கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகுங்கள். தொங்கவிட்ட வலை கொசுவைத் தடுப்பதே சந்தேகம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் அதிகம் சறுக்குகின்றன. ஊரிலிருந்து முறுக்கு, வாழைப்பழம், மாம்பழம், புளிசாதம் எல்லாம் பையில் வந்து கட்டிலுக்கு அடியில் உட்காரும். அரிக்கொம்பனைத் தேனி மாவட்டமே மறந்திருக்காது. அரிசிக்காகக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த யானை. 2023-ல் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டால், அங்கிருந்து கம்பம் ஊருக்குள் இறங்கியது. பந்தலூர், கூடலூர் பக்கம் பிஎம்-2 என்ற மக்னாவும் (தந்தமில்லாத ஆண் யானை) அரிசி வாசனைக்குத்தான் வீடுகளை இடித்தது. அவை உடைத்தவை சுவர்கள். உங்களுடையது துணி. யானை வரை போக வேண்டாம், குரங்கே போதும். ஜிப்பைத் திறக்கத் தெரிந்த குரங்குகள் மசினகுடியில் நிறைய. இரண்டு ஜிப் தலைகளையும் சேர்த்து ஒரு கொக்கியால் பூட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். தின்பண்டம், பழம், பிஸ்கட், குழந்தையின் பால் பவுடர், பற்பசை உட்பட மணக்கிற எதுவும் டென்டில் இருக்கக் கூடாது. மூடியுள்ள டப்பாவில் போட்டு விடுதிச் சமையல்கட்டிலேயே கொடுத்துவிடுங்கள். காரில் வைத்தால் கண்ணாடி போகும். சாப்பாட்டுக் கூடமும் சமையல்கட்டும் டென்டுக்கு மிக அருகில் இருந்தால் சௌகரியம் என்று நினைக்காதீர்கள், எச்சில் இலையைத் தேடிக் காட்டுப்பன்றி அங்கேதான் வரும், கரடியும் வரலாம்.

ஜிப் சிக்கினால் வெறுங்கையால் இழுத்துப் பல்லை உடைக்காமல் மெழுகுவர்த்தியை மேலும் கீழும் தேய்த்தால் ஓடும். ஒரு துண்டு மெழுகுவர்த்தி பையில் இருக்கட்டும்.

கால்வரை பேன்ட், பேன்டின் நுனி காலுறைக்குள், காலையில் செருப்பையும் ஷூவையும் உதறிவிட்டுப் போடுதல் என்று மூன்று பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊரிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போங்கள். கோடையில் உண்ணி அதிகம். உண்ணி கடித்துப் பரவும் குரங்குக் காய்ச்சல் வந்துபோன காடுகள் இவை. மாலை குளிக்கும்போது அக்குள், காதின் பின்புறம், இடுப்புமடிப்பு எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், நசுக்கக் கூடாது. பிறகு இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் வயநாடு போனால் உண்ணியை விட அட்டைதான் தொல்லை, ரத்தம் பார்த்துப் பிள்ளைகள் அலறுவதைத் தவிர பெரிய கேடில்லை.

வழியில் நேரம் முக்கியம். நீலகிரிக்கு வெளி வண்டி என்றால் இ-பாஸ் வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து இருக்கும் நடைமுறை இது. ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடிக்கு இறங்க வெளியூர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன விபத்துகளுக்குப் பின் வந்த தடை. கூடலூர் சுற்றி, முதுமலை தெப்பக்காடு வழியாகத்தான் வர வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூரே ஐம்பது கிலோமீட்டர். மேப்பில் பக்கத்தில் தெரிகிறதே என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊட்டியில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் இருட்டில் காட்டு ரோட்டில் மாட்டுகிறார்கள். மைசூர் பக்கமிருந்து வந்தால் பந்திப்பூர்ச் சாலை இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். மூன்று, நாலு மணிக்குள் டென்டுக்கு வந்துவிடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே மேலே சொன்ன வேலி, ஓட்டை, தூண், கட்டில் எல்லாம் பார்த்து, சரியில்லையென்றால் மாற்றிக் கேட்கலாம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரியில் தடை, ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள்.

"நைட் சஃபாரி" என்று தனியார் ஜீப்காரர் ரகசியக் குரலில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டவிரோதம், அதோடு ஸ்பாட்லைட் அடித்துத் துரத்தப்பட்ட யானை அன்றிரவு யாருடைய டென்ட் பக்கம் போகும் என்று யோசியுங்கள். தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி காலையும் மாலையும் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதை விடவும் தெப்பக்காடு முகாமில் யானைகளுக்கு உணவு கொடுக்கும் நேரம் பிடிக்கும். ராகி உருண்டையைப் பாகன் யானையின் வாய்க்குள் வைப்பதைப் பத்திரமான தூரத்தில் நின்று பார்க்கலாம். சஃபாரியை நம்பி மட்டும் பயணம் போடாதீர்கள். 2025 நவம்பரில் புலி தாக்குதல்களுக்குப் பிறகு கர்நாடக அரசு பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியை நிறுத்தியது. முதுமலையும் காட்டுத்தீ பயத்தில் கோடையில் மூடப்படுவதுண்டு. கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லும் டென்ட் விடுதிகள் இருக்கத்தான் செய்கின்றன. கேம்ப் ஃபயரும் ஸ்பீக்கரும் பத்து மணிக்கு மேல் கிடையாது, இருட்டிய பிறகு டென்டுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே ஆள் துணை வருவார் என்று அவர்களே முதலில் சொல்வார்கள். அப்படி ஒன்று கிடைக்காவிட்டால் முதல்முறைக்கு டென்ட் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, தெப்பக்காட்டிலும் மசினகுடியிலும் இருக்கும் வனத்துறைத் தங்கும் விடுதிகளை முதுமலை புலிகள் காப்பக இணையதளத்தில் பாருங்கள். விடுமுறை நாட்களுக்கு அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.