கிளென் கிராண்ட்: ஐந்தாண்டு விஸ்கிக்குச் சேர வேண்டிய மதிப்பு

ஒரே ஆலையில், மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடிக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கியைப் பற்றிப் பேசும்போது, புட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டுக் கணக்கையே தரத்தின் கணக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் இருந்தால்தான் அது ஸ்காட்ச் விஸ்கி என்கிறது சட்டம். அதற்கு மேல் எத்தனை ஆண்டுகள் தேவை என்பதை வடித்தெடுத்த சாராயத்தின் இயல்புதான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்காட்லாந்தின் ஸ்பேசைடு பகுதியில், ரோதஸ் என்னும் சிற்றூரில், ஜான், ஜேம்ஸ் கிராண்ட் சகோதரர்கள் 1840இல் தொடங்கிய கிளென் கிராண்ட் ஆலையின் ஐந்தாண்டு விஸ்கி இதற்கு நல்ல சான்று. 1872இல் பொறுப்பேற்ற மேஜர் ஜேம்ஸ் கிராண்ட், ஒல்லியான உயர்ந்த கழுத்துடைய செம்பு வாலைகளையும் (சாராயம் வடிக்கும் கலங்கள்), அவற்றோடு இணைந்த தூய்மிப்புக் கலங்களையும் அங்கே கொண்டுவந்தார். மேலெழும் ஆவியில் கனமானவை அந்தக் குளிர்ந்த கலங்களில் நீர்மமாகி மீண்டும் வாலைக்கே திரும்பிவிட, இலேசான, பழமணம் மிகுந்த பகுதி மட்டுமே அடுத்த கட்டத்துக்குச் செல்கிறது. ஆகவே இந்த விஸ்கியின் மென்மை, பீப்பாயில் போதிய காலம் வைக்காததால் வந்த மெலிவு அல்ல. வாலையிலேயே திட்டமிட்டு உண்டாக்கிய குணம். 1961இல் மிலானைச் சேர்ந்த அர்மாண்டோ ஜியோவினெட்டி இதை இத்தாலிக்கு எடுத்துச் சென்றபின், அந்நாட்டார் இந்த இளம் விஸ்கியைத்தான் விரும்பிக் குடித்தார்கள். அவர்களுடைய சுவையறிவின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இதன் நிறம் வெளிறிய வைக்கோல் நிறம். நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் தருவதால், பொதுவாகவே நான் நிறத்துக்கு மதிப்பெண் போடுவதில்லை. வாய் குறுகிய கிண்ணத்தில் ஊற்றிச் சில நிமிடங்கள் விட்டுவிட்டு முகர்ந்தால், முதலில் பச்சை ஆப்பிள், அடுத்துப் பேரிக்காய், அவற்றின் பின்னால் மெல்லிய வனிலா. ஆப்பிளையும் பேரிக்காயையும் நினைவூட்டுபவை பெரும்பாலும் நொதித்தலின்போது ஈஸ்ட் உண்டாக்கும் எஸ்டர்கள் என்னும் மணப்பொருள்கள். வனிலா அமெரிக்க ஓக்கிலிருந்து வருவது. பீப்பாயில் நெடுங்காலம் இருக்கும்போது மரத்தின் மணம் ஓங்கிப் பழத்தின் மணம் பின்னுக்குப் போய்விடுவதும் உண்டு என்பதால், இந்தப் புத்துணர்வுக்கு இளமை தேவைப்படுகிறது. புகையோ, ஷெர்ரி என்னும் ஸ்பானிய ஒயின் இருந்த பீப்பாயின் இனிப்போ மூடிமறைக்காத விஸ்கியில் வடித்தவரின் சிறு பிழையும் நாவில் தெரிந்துவிடும். வேகாத மாவின் வாடையும் ஈர அட்டையின் வாடையும் எழுகின்றனவா என்று கவனித்துத் தேடினேன், இரண்டும் இல்லை.

வாயில் இலேசான இனிப்பும், மால்ட்டின் தானியச் சுவையும், இறுதியில் பாதாம் தோலைப் போன்ற சிறு கசப்பும் இருக்கின்றன. தண்ணீர் சில துளிகளுக்கு மேல் வேண்டாம்; மிகுந்தால் பழச்சுவை கரைந்தே போகும். பனிக்கட்டி இட்டால் மணம் ஒடுங்கிவிடும்.

குறை என்று நான் சொல்வது விழுங்கியபின் சுவை விரைவில் மறைந்துவிடுவதைத்தான். அதற்கு ஐந்தாண்டு வயதைவிட, 40 விழுக்காட்டு ஆல்கஹால் வலிமையில் புட்டியில் அடைப்பதே பெரிய காரணம் என்று கருதுகிறேன். 46 விழுக்காட்டில், எண்ணெய்த்தன்மையுள்ள பொருள்களை நீக்கிவிடும்படி குளிர்வித்து வடிகட்டாமல் அடைத்தால், நாவில் தங்கும் வழவழப்பு கூடும். சற்றே கூடுதல் விலை கொடுத்தாவது அப்படியொரு புட்டியை நான் வாங்குவேன்.