சோழர் கப்பலில் பீரங்கி எதற்கு?

போன முகூர்த்தத்தில் காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கப்பல். பாயில் புலி, கீழே ‘ராஜேந்திர சோழன் கப்பல்’ என்று பலகை. கிட்டப் போய்ப் பார்த்தால் பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கித் துளைகள், பின்பக்கம் அடுக்கடுக்காகக் கண்ணாடி ஜன்னல்! அது ஐரோப்பியர் கப்பல். ராஜேந்திரன் படை கடல் கடந்து ஸ்ரீவிஜயத்துக்கு (இன்றைய இந்தோனேசியா, மலேசியாப் பக்கம்) போனது 1025-இல். அப்படித் துளை வைத்த கப்பல்கள் வர இன்னும் ஏறத்தாழ 500 வருஷம் ஆனது.

அலங்காரம் செய்த தம்பியிடம் கேட்டேன். “அண்ணே, நெட்ல சோழர் கப்பல்னு தேடினா இதுதாண்ணே வருது” என்றார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

ஆனால் வருத்தம் போகவில்லை. எங்கள் வீட்டு முகப்புத் தூண்கள் பர்மாத் தேக்கு. கடல் தாண்டிப் போய்த் தொழில் செய்த ஊர்க்காரர்கள் நாம். நம் வாசலில் யாருடைய கப்பலையோ நிறுத்தி நம் பெயரை எழுதலாமா? ஆத்தங்குடித் தரைக்கல்லை மாதிரியே பூப்போட்டு அச்சடித்த டைல்ஸ் வந்துவிட்டது. பார்க்க ஒன்றுபோல்தான் இருக்கும். கண்ணாடி மேல் கையால் சாயக் கலவை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்த கல்லில் நடந்து பழகிய காலுக்கு வித்தியாசம் உடனே தெரியும். கப்பலும் அப்படித்தான். செய்த விதத்தில்தான் அதன் உயிர் இருக்கிறது.

2025 மே மாதம் கர்நாடகத்தின் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்த, பழங்காலக் கப்பல் மாதிரியில் கட்டிய கௌண்டின்யாவைப் பாருங்கள். பலகைகளைத் தென்னை நார்க்கயிற்றால் தைத்துச் சேர்த்திருக்கிறார்கள். தைத்த கப்பல் அலை அடிக்கும்போது கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். துருப்பிடிக்க ஆணியும் கிடையாது. இத்தனைக்கும் முக்கியமாகக் கையில் இருந்தது அஜந்தாவின் 5-ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஓவியம்தான், வரைபடம் கிடையாது. அதிலிருந்து கடலில் மிதக்கும் கப்பலின் உடற்பகுதியைக் கணக்குப்போட்டு, சென்னை ஐஐடியில் சோதித்துக் கட்டியிருக்கிறார்கள். இதற்குக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

அதே கப்பலின் மேல்தளத்தில் ஹரப்பா பாணிக் கல் நங்கூரம் வைத்தது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. அடையாளத்துக்குத்தான் வைத்தார்கள், சரி. ஆனாலும் ஓவியத்துக்கும் ஹரப்பாவுக்கும் இடையே 2,000 வருஷத்துக்கு மேல் இருக்கிறதே. பார்க்க வரும் பிள்ளைகள் எல்லாம் ஒரே காலம் என்று நினைத்துக்கொள்ளாதா?

பாதுகாப்புக்காக மாற்றுவது வேறு. சுவீடன்காரர்கள் 1745-இல் மூழ்கிய கோதன்பர்க் கப்பலை மறுபடி கட்டியபோது இன்ஜினும் வைத்தார்கள். அதை ஒளிக்கவும் இல்லை. அது நேர்மை.

சோழர் கப்பலுக்கு வரைபடமே கிடையாது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. கூம்பும் (பாய்மரம்) மீப்பாயுமாக (மேல்பாய்) புகாருக்குள் நுழையும் பெருங்கலம் புறநானூற்றின் 30-ஆம் பாட்டில் வருகிறது. இவற்றைப் பார்த்துச் செய்யலாம். பலகையில் ‘இப்படி இருந்திருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால் கப்பலின் பெருமை குறைந்துவிடாது.

அப்புறம், அந்தத் தம்பிக்கு அஜந்தா ஓவியத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நேற்று ராத்திரி பதில் வந்தது: “அண்ணே, இந்தத் திருப்புற துடுப்பு ரெண்டு பக்கமும் வைக்கணுமா?”