லிசாவின் சாட்சியமும் திருமதி ரைலியின் கண்ணாடியும்

1992-ல் ஜோனதன் லின் இயக்கத்தில் வெளிவந்த 'மை கசின் வின்னி' நீதிமன்ற நகைச்சுவைப் படங்களில் தலைசிறந்தது என்பவர்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. செய்யாத கொலைக்காக அலபாமாவில் சிக்கிக்கொள்ளும் இரண்டு இளைஞர்களுக்காக, அவர்களில் ஒருவரின் உறவினரான வழக்கறிஞர் வின்னி வாதாடும் கதை அது. ஆனால் அதை ஜோ பெஸ்ஸி நடித்த வின்னியின் வெற்றிக் கதையாகவே பேசிப் பேசி, அந்த வழக்கை உண்மையில் வென்று தந்த, வின்னியின் வருங்கால மனைவி மோனா லிசா வீட்டோவை அவருக்குத் துணையாக வந்தவராக மட்டும் சுருக்கிவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

அரசுத் தரப்பு தன் கைவசமுள்ள ஆவணங்களை எதிர்த்தரப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்ற விதியைப் படித்து வின்னிக்கு எடுத்துச் சொல்பவர் லிசா. கொலையாளிகளின் கார் விட்டுச்சென்ற டயர்த் தடங்கள் பதிவான புகைப்படத்தை எடுத்தவரும் அவர்தான். அந்தப் படங்களைத்தான் வின்னி முதலில் ஏளனம் செய்து ஒதுக்கினார்.

சாட்சிக் கூண்டில் அவர் ஏறும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். வேலையில்லாத சிகையலங்காரப் பெண்ணுக்கு வாகனங்களைப் பற்றி என்ன தெரியும் என்று மடக்க நினைக்கும் அரசு வழக்கறிஞர், 1955-ஆம் ஆண்டு செவ்ரலே பெல் ஏர் காரின் 327 எஞ்சினைப் பற்றி சிக்கவைக்கும் ஒரு கேள்வி கேட்கிறார். அந்த எஞ்சின் 1962-ல்தான் வந்தது என்று கேள்வியையே திருத்திவிட்டு, 1964-ஆம் ஆண்டு மாடலுக்கான விடையையும் சேர்த்துச் சொல்கிறார் லிசா. தந்தையின் பட்டறையில் எஞ்சினைப் பிரித்து மாட்டி வளர்ந்தவர் அவர். அமெரிக்க மத்தியச் சாட்சிய விதிகளில் 702-ஆவது விதி, நிபுணர் ஆவதற்குக் கல்வியோடு அனுபவத்தையும் பயிற்சியையும் தகுதியாக ஏற்கிறது. மாநில நீதிமன்றத்தை அவ்விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும், அந்த அளவுகோலில் பார்த்தால் நீதிமன்றம் அவருக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை; உரிய தகுதியோடுதான் அவர் அங்கே அமர்கிறார். தடங்களை விட்டுச்சென்றது அந்த இளைஞர்களின் 1964 பியூக் ஸ்கைலார்க் அல்ல, 1963 பான்டியாக் டெம்பெஸ்ட் என்று அவர் நிறுவும்போது, ஒரு பெண்ணின் தொழிலறிவே இரண்டு உயிர்களைக் காக்கிறது.

இந்தப் பாத்திரத்துக்காக மரிசா டோமேய் 1993-ல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் பெற்றார். அதை மேடையில் அறிவித்த ஜாக் பாலன்ஸ் தவறான பெயரை வாசித்துவிட்டார் என்ற வதந்தி பல ஆண்டுகள் உலவியது. 2017-ல் சிறந்த படத்தின் பெயர் உண்மையிலேயே மாற்றி அறிவிக்கப்பட்டபோது, அந்தப் பிழை மேடையிலேயே திருத்தப்பட்டதை உலகமே பார்த்தது; 1993-லும் பிழை நடந்திருந்தால் அப்படித்தான் திருத்தியிருப்பார்கள். நகைச்சுவைப் பாத்திரத்தில் ஓர் இளம் பெண் இவ்வளவு நுட்பமாக நடிக்க முடியும் என்று நம்ப மனமில்லாதவர்களே அந்த வதந்தியைச் சுமந்து திரிந்தார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

இவ்வளவு நேசிக்கும் படத்தின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. நீதிபதி, அரசு வழக்கறிஞர், ஷெரிஃப், எஃப்.பி.ஐ. நிபுணர் என அதிகாரத்தில் இருக்கும் அனைவரும் வெள்ளை ஆண்கள். கதை நடப்பதோ அலபாமாவில். அம்மாநிலச் சட்டம் பெண்களை ஜூரியில், அதாவது தீர்ப்பை முடிவு செய்யும் குடிமக்கள் குழுவில், அமரவிடாமல் தடுத்ததும், லவுண்டஸ் கவுண்டியில் கறுப்பினத்தவர் ஜூரியிலிருந்து ஒதுக்கப்பட்டதும் அரசமைப்புக்கு முரணானவை என்று 1966-ல் 'ஒயிட் எதிர் குரூக்' வழக்கில் மத்திய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வாதங்களை வடித்தவர்களில் கறுப்பினப் பெண் வழக்கறிஞரான பாலி மர்ரேயும் ஒருவர். அந்த வரலாற்றின் சாயல் ஒரு வசனத்தில்கூட இல்லை.

பாலின் மேயர்ஸ் நடித்த கான்ஸ்டன்ஸ் ரைலி என்ற கறுப்பின மூதாட்டிக்குச் சாட்சியாக ஒரு காட்சி கிடைக்கிறது. அவருடைய பார்வையைச் சோதிக்க, அவர் குற்றவாளிகளைப் பார்த்ததாகச் சொன்ன தூரத்தில் பாதியை அளவு நாடாவால் அளந்து வின்னி அங்கே நின்று இரண்டு விரல்களைக் காட்ட, அவர் நான்கு என்கிறார். அவரை அவமதிக்காமல் மரியாதையோடு விசாரிக்கும் காட்சி அது. மற்ற சாட்சிகளின் கூற்றும் அதேபோலத்தான் உடைக்கப்படுகிறது. ஆனாலும் லிசாவுக்குக் குடும்பத்தையும் தொழிலையும் கோபத்தையும் கொடுத்த திரைக்கதை, திருமதி ரைலிக்குத் தடித்த கண்ணாடியைத் தவிர வேறெதையும் கொடுக்கவில்லை. பல பத்தாண்டுகளாக அந்த மண்ணில் வாழ்ந்த ஒரு பெண்மணிக்கு, அந்த நீதிமன்றத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும்.