ஏலக்காட்டு அனுபவம் பனிமலைக்கு உதவாது

மார்கழி பிறந்துவிட்டால் குமுளியிலும் கம்பத்திலும் வாட்ஸ்அப் குழுக்களில் பனிமலைப் பயண விளம்பரங்கள் வரிசை கட்டுகின்றன. எங்கள் தெருப் பையன்கள் சிலர் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பனிச்சரிவைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஏலக்காட்டில் வளர்ந்தவனுக்கு மலையைப் பற்றிச் சொல்ல வேண்டுமா அண்ணே?" என்கிறார்கள்.

சொல்லத்தான் வேண்டும் தம்பி. இடுக்கியில் ஆபத்து மழையோடு வரும். ரெட் அலர்ட் என்றால் வீட்டில் இருப்போம், வெயில் அடித்தால் மூச்சு விடுவோம். பனிமலையில் அந்த வெயில்தான் ஏமாற்றும். இரண்டு நாள் பனி கொட்டி ஓய்ந்து, வானம் பளிச்சென்று வெளுத்ததும் எல்லோரும் கிளம்புவார்கள். புதுப்பனியின் பாரம் கீழே இருக்கும் பழைய பனியோடு அப்போது இறுகியிருக்காது. பனியே பெய்யாவிட்டாலும் காற்று போதும். முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கம் கெட்டியாக அடுக்கிவிடும். அந்த அடுக்கின் அடியில் சர்க்கரைபோல் ஒட்டாத படிகங்கள் இருந்தால் ஓர் ஆளின் கனம் போதும். விரிசல் ஓடும், சரிவே பாளமாகப் பெயர்ந்து வரும். செங்குத்துப் பாறையைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம். பெரும்பாலும் பெயர்வதோ 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த, ஏறலாம் போலத் தோன்றும் சரிவு. பயணிகளைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது அவர்களோ, உடன் வந்தவர்களோதான்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் அநேகமாகப் பிழைப்பார். அரை மணி நேரம் தாண்டினால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஹெலிகாப்டர் வந்து சேரும் அவகாசமில்லை இது. பக்கத்தில் இருப்பவனிடம் புதைந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும், பழகியும் இருக்க வேண்டும். விளம்பரத்தில் செல்ஃபி இடங்கள் இருக்கின்றன, மண்வாரி இல்லை.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். ஒருவர் தேனி மாவட்டத்துக்காரர், ஒருவர் கொல்லத்துக்காரர். ஆறாம் நாள் உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் 11ஆம் தேதி போய்விட்டார். 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியவர்கள் உத்தரகாசி மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் மாணவர்களும் பயிற்றுநர்களும். மலையேற்றத்தைக் கற்கவும் கற்பிக்கவும் போனவர்கள் அவர்கள்.

கேதார்காந்தாவின் வழக்கமான பாதை அவ்வளவு மோசமில்லை என்பது உண்மைதான். போகவே கூடாது என்று நான் தடுக்கவில்லை. சண்டிகரில் உள்ள, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. அன்றைய அறிவிப்பைப் பார்த்தீர்களா என்று அமைப்பாளரைக் கேளுங்கள். ஐந்து படிகள் கொண்ட அபாய அளவில் மூன்றாம் படி என்றால் நடுத்தரம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள். உலகெங்கும் அந்தப் படியில்தான் ஏராளமானோர் செத்திருக்கிறார்கள்.

எனக்கு உண்மையில் எரிச்சல் மூட்டியது வேறு. பையன்கள் காட்டிய படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: வானிலையால் பயணம் ரத்தானால் பணம் திரும்பக் கிடையாது. கடன் வாங்கிப் பணம் கட்டியவன் பாதி வழியில் திரும்பச் சம்மதிப்பானா? முதலில் அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள் தம்பிகளே. மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள்.