தமிழில் நேர்முகத் தேர்வு இல்லை என்பது உண்மையா?

‘ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். போன்ற குடிமைப் பணிகளுக்கான நேர்முகத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும், தமிழில் பேசுவோரை வெளியேற்றிவிடுவார்கள்’ என்று ஒரு குரல்பதிவு மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. இது தவறான செய்தி.

எழுத்துத் தேர்வான முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர், மத்தியத் தேர்வாணையத்தின் (யு.பி.எஸ்.சி.) நேர்முகத் தேர்வையும் தமிழிலேயே எதிர்கொள்ளலாம். விருப்பத்தை முன்கூட்டியே விண்ணப்பத்தில் குறிப்பிட்டால் மொழிபெயர்ப்பாளரை ஆணையமே அமர்த்தும். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு உரியது 275. அதில் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் என்று எதுவும் இல்லாததால், ‘வெளியேற்றிவிடுவார்கள்’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

மொழியைப் பற்றிய அச்சத்தில் கரையும் நாட்களைச் சொந்த மண்ணைப் படிப்பதில் செலவிடுவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து. விண்ணப்பத்தில் சொந்த மாவட்டம் இராமநாதபுரம் என்று எழுதியவரிடம், 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தது, 1974 கச்சத்தீவு ஒப்பந்தம், மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகள், பாக் நீரிணையில் 2022-இல் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம், 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்துக்கும் 2025-இல் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலத்துக்கும் உள்ள வேறுபாடு ஆகியவை பற்றிக் கேள்விகள் எழலாம். இழுவைமடி வலையால் பவளப்பாறைக்கு நேரும் கேட்டையும், அந்த வலையை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் நிலையையும் ஒருசேர எடைபோட்டுச் சொல்லக் கடலோரப் பிள்ளையைவிடத் தகுதியானவர் யார்? தெரியாத கேள்விக்குத் ‘தெரியாது, ஐயா’ என்று நேராகச் சொல்லிவிடலாம். ஊகித்துச் சமாளித்தால் அடுத்த துணைக்கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.