பச்சை இலை போட்ட பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை நம் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கார் துடைக்கிற பையனின் விரலை வேகவைத்த, சக்கரம் கழுவும் வீல் கிளீனரைப் பற்றி நான் கேட்டேன். "எல்லாத்துலயும் கெமிக்கல் இருக்கு சார், தண்ணியே கெமிக்கல்தான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்களே, அதேதான். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் எரிச்சல் வந்தது. மூன்று நாளாகியும் போகவில்லை.

சரி, தண்ணீர் கெமிக்கல்தான். நான் கேட்டது ஒரே கேள்வி: அந்த வீல் கிளீனர் பாட்டிலுக்குள் எந்த கெமிக்கல் இருக்கிறது? முன்பக்கம் பச்சை இலை, 'சூழலுக்கு உகந்தது'. பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில் அம்மோனியம் பைஃப்ளூரைடு. தண்ணீரில் கரைந்தால் அதிலிருந்து ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் வரும். அலாய் வீலில் படிந்த பிரேக் தூசி நொடியில் பறந்துவிடும், மறுக்கவில்லை. கையில் பட்டால் உடனே எரியாது, அதுதான் வில்லங்கம். தோலுக்குள் இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். வலி சில மணி நேரம் கழித்துத்தான் கிளம்பும்.

நம் பையன் விடியற்காலை ஐந்து மணிக்கு வந்து 22 கார் துடைக்கிறவன். காலையில் வீல் கழுவினான். ராத்திரி விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போய், கையை உதறிக்கொண்டு செக்யூரிட்டி அறை வாசலில் உட்கார்ந்திருந்தான். கிளினிக்கில் சுடுதண்ணீர் பட்டதா என்று கேட்டு, தீக்காயக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர்கள் என்ன செய்வார்கள்? இவன் 'கார் சோப்பு' என்று சொல்லியிருக்கிறான். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவ வேண்டிய காயம் அது. பாட்டிலின் பின்பக்கத்தை யாராவது ஒருவர் படித்திருந்தால் போதும்.

"கிளவுஸ் போடாதது அவன் தப்பு." கூட்டத்தின் தீர்ப்பு இது. ஆமாம், கிளவுஸ் போட்டிருக்க வேண்டும். வாங்கிக் கொடுத்தவர் யார், கொஞ்சம் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

நான் கெமிக்கலே கூடாது என்கிற ஆள் இல்லை. அப்பா சங்ககிரியில் லாரி வாட்டர் சர்வீஸ் வைத்திருந்தார். டீசலும் மண்ணெண்ணெயும் அடித்துக் கழுவிய காசில்தான் நான் படித்தேன். அவர் உள்ளங்கை வெடிப்பில் குழம்பு பட்டால் எரியும் என்று தயிர்ச்சோறு மட்டும் பிசைந்து சாப்பிடுவார். அங்கே கருப்பி என்று ஒரு நாய் இருந்தது. ஒருநாள் ஒரு காரின் ரேடியேட்டரிலிருந்து இறக்கிய பச்சைத் தண்ணீர் தரையில் தேங்கிக் கிடந்தது. கருப்பி அதைப் பாயசம் மாதிரி நக்கியது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று சாயங்காலம் குடித்தவன் போலத் தள்ளாடியது. மூன்றாம் நாள் போய்விட்டது. "எவனோ மருந்து வெச்சுட்டான்டா" என்றார் அப்பா. அந்தப் பச்சைத் தண்ணீரில், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், உள்ளே போய் ஆக்சாலிக் அமிலமாகி, சிறுநீரகத்தில் படிகமாக உறையும் என்று எனக்குத் தெரிந்தது கல்லூரி நாட்களில். யாரும் மருந்து வைக்கவில்லை. அந்தத் தண்ணீரை மண் போட்டு மூடியிருக்கலாம். நான் மூடியிருக்கலாம்.

"இது பயோடிகிரேடபிள் சார், தானா மக்கிடும்." தெரியும். அதற்கு வழக்கமான சோதனையே 28 நாள் கணக்கு. அதற்குள் 60 சதவீதம் சிதைந்தால் பாஸ். மீனின் செவுளில் நுரை ஏறுவது முதல் நாளே. மழைநீர் வடிகாலில் விடுகிற தண்ணீருக்கு நடுவில் எந்தச் சுத்திகரிப்பும் கிடையாது. வேளச்சேரியில் இருந்துகொண்டு அது எங்கே போகிறது என்று கேட்காதீர்கள், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குத்தான். அதற்கு 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், இடம் கிடைத்தபோது நம் அசோசியேஷனின் இதே வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பொம்மை போட்டவர்கள் நாம்தான்.

"அப்ப இயற்கையானதா வாங்கிக்கலாம், ஆரஞ்சு எண்ணெய் போட்டது." வாங்குங்கள். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. செத்த மீனும் பட்ட மரமும் போட்ட அபாய முத்திரை அதற்கும் உண்டு. இயற்கை என்றாலும் சரி, செயற்கை என்றாலும் சரி, பின்பக்கத்தைப் படியுங்கள் என்றுதானே கத்துகிறேன்!

ஆலைக் கழிவை விட்டுவிட்டு கார் ஷாம்பூவைப் பிடித்துத் தொங்குகிறேனாம். ஆலை என் பார்க்கிங்கில் இல்லை. 'நீங்களும் கார் வைத்திருக்கிறீர்களே' என்றும் ஒருவர். வைத்திருக்கிறேன். பக்கெட் தண்ணீர், துணி. பளபளப்பு குறைவுதான், அதற்காக என்னைக் கஞ்சன் என்றதையும் காதில் வாங்கினேன். சீயக்காய் போட்டுக் கழுவுங்கள் என்று கிண்டல் செய்த நண்பரே, நீங்கள் என் வீட்டில் சாப்பிட்டவர். அது கொஞ்சம் வலித்தது.

எனக்கு விளம்பரம் தேவையாம். விரல் வெந்தது 9,000 ரூபாய் சம்பளக்காரனுக்கு என்பதால்தான் சிரிக்க முடிகிறது என்று கூட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். அங்கே வாய் வரவில்லை, இங்கே வருகிறது. செயலாளர் வீட்டுப் பிள்ளையின் கை என்றால் அந்த பாட்டில் இந்நேரம் எங்கே இருந்திருக்கும்? இப்போது அது பி பிளாக் தூணுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, மூடி சரியாகத் திருகாமல்.

இதை எழுதும்போதே குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது: "கார் துடைக்க வேறு பையன் யாராவது தெரியுமா?" கீழே மூன்று கட்டைவிரல்.